டிப்பிள் வீட்டுச் சம்பந்தி

கார்டன் ஸ்டேட் தமிழர் குலச்சின்னத் தேநீர்க்கெண்டிக் கழகத்தில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி உண்டு. அது சேனாபதியின் நாற்காலி. பெயர் எழுதி ஒட்டவில்லையே தவிர, வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. இடமில்லாமல் நிற்பவரிடம் அதைக் காட்டினால், பரவாயில்லை, நின்றுகொள்கிறேன் என்பார்.

கழகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நியூ ஜெர்சியின் எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு தோசைக் கடைக்குப் பின்னால் இருக்கும் பார்ட்டி ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வசதியான குடும்பங்கள் தங்கள் குலச்சின்னத்தைப் பீங்கான் தேநீர்க்கெண்டிகளில் எழுதி வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டன. ஒரு கேடயம், அதற்குள் சிங்கமோ கழுகோ, கீழே லத்தீனில் ஒரு வீராப்பு. பேரன் பேத்திகள் காலத்தில் குடும்பம் நொடித்துப்போனதும் கெண்டிகள் ஏலத்துக்கு வந்தன. நியூ ஜெர்சித் தமிழர்கள் வாங்கினார்கள். வாங்கி அலமாரியில் வைத்ததோடு விட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

கழகத்தின் அடிப்படை விதி என்னவென்றால், எந்த வீட்டுக் கெண்டி யாரிடம் இருக்கிறதோ அவர் அந்த வீட்டு ஆள். பிரபு வீட்டுக் கெண்டி வைத்திருப்பவருக்கு முன்வரிசையில் சோபா. அதற்கு அடுத்த பட்டக்காரர்களுக்குக் குஷன் நாற்காலி. பட்டம் ஒன்றும் இல்லாத வெறும் நிலக்காரர் வீட்டுக் கெண்டி என்றால், செருப்பு விடும் இடம். கூட்டம் தமிழ்த்தாய் வாழ்த்தோடு ஆரம்பிக்கும். பிறகு அமெரிக்க தேசிய கீதம். பிறகு கெண்டி வணக்கம். எல்லோரும் வெள்ளைக் கையுறை மாட்டி, கெண்டியை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, மூடியை ஒரே ஒரு முறை திறந்து மூட வேண்டும். கெண்டியின் மூக்கு தலைவரைப் பார்க்கக் கூடாது. இந்த மூக்கு விஷயத்தில்தான் ஃபிரிஸ்கோ கிளை கோபித்துக்கொண்டு போய் டெக்சாஸில் தனிக் கழகம் கண்டது. அவர்கள் மூக்கைத் தலைவரைப் பார்த்துத்தான் வைப்பார்களாம். இங்கே அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மற்றபடி, கெண்டியில் தேநீர் ஊற்றுவது பதவியைப் பறிக்கும் குற்றம். உறுப்பினர்களுக்கு டீ பேப்பர் கப்பில் வரும்.

இதெல்லாம் சேனாபதிக்கு ஒரு பொருட்டே இல்லை. மடக்கு நாற்காலியில் அவர் தூங்கக்கூடப் பழகியிருந்தார். அவருக்குப் பொறுக்காத விஷயம் ஒன்றுதான். வருடாந்திரக் கூட்டத்தில், இருப்பதிலேயே உயர்ந்த குலத்துக் கெண்டிக்காரருக்குத் தலைவர் தன் கையால் பரிவட்டம் கட்டுவார். கோயிலில் முதல் மரியாதைக்காரர் தலையில் பட்டுத் துணியைச் சுற்றுவார்களே, அதே பரிவட்டம். அது வருஷா வருஷம் கிட்டுசாமியின் தலையில் ஏறியது.

கிட்டுசாமி வேறு யாரோ என்றால் போகிறது என்று விட்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் கோபிச்செட்டிபாளையம். கோயம்புத்தூரில் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல் அறை. நியூ ஜெர்சிக்கு வந்ததும் ஒரே கம்பெனி வழியாகத்தான். அதற்குப் பிறகு கிட்டுசாமிக்கு மட்டும் எல்லாம் நடந்தது. தனித்திறமை உள்ளவர்களுக்கான வரிசையில் கிரீன் கார்டு வாங்கிவிட்டார். அவருடைய எக்செல் ஷீட்டுக்கெல்லாம் ஃபார்முலா போட்டுக் கொடுத்த சேனாபதி இன்னும் சாதாரண வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பார்சிப்பனியில் சேனாபதி, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய டவுன்ஹவுஸ் வாங்கிய அதே வருஷம் கிட்டுசாமி குளத்தைப் பார்த்த தனி வீடு வாங்கினார். குளத்தில் வாத்து வேறு. சேனாபதி ஒருமுறை அந்த வாத்துகளைப் பார்த்தே வயிறெரிந்திருக்கிறார்.

கெண்டிக் கழகத்துக்கும் அவர் கிட்டுசாமியைப் பார்த்துத்தான் வந்தார். கிட்டுசாமியின் கெண்டி மார்ல்ஸ்டன் பிரபு வீட்டுக் கெண்டி. நீலக் கேடயத்தில் மூன்று தங்க நங்கூரங்கள். சேனாபதி லாம்பர்ட்வில்லில் ஒரு பழம்பொருள் கடையில் தேடிப்பிடித்த கெண்டியை மடியில் வைத்துக் குழந்தைபோலக் கொண்டுவந்தார். குலநிர்ணயக் குழுவின் தலைவர் டாக்டர் ஞானேஸ்வரன் அதைப் பரிசோதித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இருதய நிபுணர். கெண்டியின் வயிற்றில் இரண்டு விரலை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நோயாளியின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்துகொள்வார்கள்.

"தம்பி, இது டிப்பிள் எண்ட குடும்பம். கேடயத்தில இருக்கிறது முள்ளெலி."

"முள்ளெலிங்களா?"

"ஓம். பட்டம் ஒண்டும் இல்லை. காணி இருந்திருக்கு, கொஞ்சம் ஆடும் இருந்திருக்கும். கடைசி வரிசை."

சேனாபதி விடவில்லை. கேடயத்தின் நடுவில் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் முள்ளெலி. அந்தப் பக்கம் பொன்முலாம் தேய்ந்துபோய் என்னவோ மங்கலாகத் தெரிந்தது.

"டாக்டர், அந்தப் பாதியில மூணு குடையாட்டம் இருக்குதுங்களே. அதையும் பாத்துச் சொல்லுங்க."

"அது பொம்பிளைப் பக்கம் தம்பி. கலியாணம் முடிச்ச வீடெண்டால் கேடயத்தை ரெண்டாப் பிரிச்சு, மற்றப் பாதியில மனுசியின்ர வீட்டுச் சின்னத்தைக் கீறுவினம். எங்கட விதியில அந்தப் பாதியைப் பார்க்கிறேல்லை."

அப்படி முள்ளெலியோடு உள்ளே வந்தவர்தான் சேனாபதி.

போன வருடாந்திரக் கூட்டத்தில் கழகத் தலைவர் ராமசுப்ரமணியன் பேசியதைச் சேனாபதியால் மறக்க முடியவில்லை. தலைவர் பெரிய மருந்துக் கம்பெனியில் வைஸ் பிரசிடென்ட். பேசும்போது யாரையும் பார்க்காமல் எல்லோரையும் பார்ப்பார்.

"ஃபிரெண்ட்ஸ், நாம எல்லாரும் ஜாதி, குலம், கோத்திரம் எல்லாத்தையும் அட்லாண்டிக்ல தூக்கிப் போட்டுட்டு வந்தவங்க. இந்தக் கழகத்துல யாரும் யாரையும் பிறப்பை வெச்சு ஜட்ஜ் பண்றதில்ல. கெண்டியை வெச்சு மட்டும்தான் ஜட்ஜ் பண்றோம். இன்னிக்குப் பின்வரிசையில உக்காந்திருக்கறவர் நாளைக்கு முன்வரிசைக்கு வரலாம். ஒரு பிரபு குடும்பம் திவாலாகணும், அவ்ளோதான். இதுதான் ஈக்குவாலிட்டி." பின்வரிசை கைதட்டியது. சேனாபதியும் தட்டினார், ஏன் தட்டினோம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தார். அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் கிட்டுசாமி தலையைக் குனிந்து பரிவட்டம் வாங்கிக்கொண்டார். குனிந்தபோது அவர் முகத்தில் இருந்த அடக்கத்தைத்தான் சேனாபதியால் தாங்க முடியவில்லை.

"உங்களுக்கு அந்தத் துணி வேணுமுன்னா கோ-ஆப்டெக்ஸ்ல வாங்கிக்கலாமுங்க" என்றார் சாந்தாமணி. சேனாபதியின் மனைவி. மேஜையில் கிடந்த கெண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு வேண்டாம். அவன் தலையில ஒரு வருசமாச்சும் இல்லாம இருக்கோணும்."

அவ்வளவுதான் சேனாபதியின் ஆசை. ஒரே ஒரு வருடாந்திரக் கூட்டத்தில் கிட்டுசாமியின் மொட்டைத் தலை மொட்டைத் தலையாகவே வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

அதற்கு வழி கழகத்தின் விதிகளிலேயே இருந்தது. கழகம் தொடங்கிய புதிதில் ஓர் உறுப்பினரின் கெண்டிக் குடும்பத்தில் யாரோ ஒரு சீமாட்டி இறந்துபோன செய்தி வந்தது. இரங்கல் தீர்மானம் போடலாமா என்று பேச ஆரம்பித்தார்கள். பேச்சு தீட்டில் போய் முடிந்தது. வீட்டு ஆள் என்றால் வீட்டு ஆள்தானே, சாவு விழுந்தால் தீட்டு உண்டா இல்லையா. உண்டு என்று பெரும்பான்மையில் முடிவாயிற்று. கருமாதி முடியும் வரை அந்தக் கெண்டிக்காரர் கெண்டியைத் தொடக் கூடாது, கூட்டத்துக்கு வரக் கூடாது, மரியாதை எதுவும் வாங்கக் கூடாது.

சேனாபதி மார்ல்ஸ்டன் பிரபுவைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். பெரியவர் தொண்ணூறைத் தாண்டியவர், இடிந்த மாளிகை ஒன்றில் நாய்களோடு இருக்கிறார் என்று தெரிந்தது. போனில் அவர் பெயருக்கு அலெர்ட் வைத்தார். பெரியவர் மலர்க் கண்காட்சிக்குப் போனார் என்று செய்தி வந்தால் சேனாபதிக்கு முகம் வாடும். இருமினார் என்று வந்தால் இரண்டு இட்லி கூடச் சாப்பிடுவார். மகள் பிரீத்தி அவர் தோளுக்குப் பின்னால் நின்று போனை எட்டிப் பார்த்துவிட்டு, "டாட், யூ ஆர் வெயிட்டிங் ஃபார் அன் ஓல்ட் மேன் டு டை. தட்ஸ் நாட் எ ஹாபி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருக்குச் சுருக்கென்றது. அலெர்ட்டை அணைக்கலாமா என்றுகூட நினைத்தார். கிட்டுசாமி வாத்துகளோடு எடுத்த படம் ஒன்று அப்போது பார்த்து வாட்ஸப்பில் வந்து விழுந்தது. அணைக்கவில்லை.

வருடாந்திரக் கூட்டம் நெருங்கும்போது பெரியவர் போய்ச் சேர்ந்தார். ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சேனாபதிக்குச் செய்தி வந்தது. மனசுக்குள் நாதஸ்வரம் ஒலித்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, கழகத்தின் வாட்ஸப் குழுவில், ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்து எழுதிப் போட்டார். தீட்டு என்ற சொல்லை அவர் எழுதவில்லை. மற்றவர்கள் எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எழுதினார்கள்.

கிட்டுசாமிக்குத் தீட்டு உறுதியாயிற்று. அன்று மாலை சேனாபதி வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகக் காபி குடித்தார்.

அந்த நிம்மதி வார இறுதி வரைக்கும்கூட நிற்கவில்லை. கழக உறுப்பினர்கள் கிட்டுசாமி வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போக ஆரம்பித்தார்கள். டிரைவ்வே நிறைந்து தெருவிலும் கார் நின்றது. ஆள் ஆளுக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள், துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதே. கிட்டுசாமி தாடி விட்டார். தாடி அவருக்குப் பொருந்தியது. ஆபீஸில் அவருடைய அமெரிக்க மேனேஜர் தாடியைப் பார்த்து விசாரித்து, குடும்பப் பெரியவர் இங்கிலாந்தில் காலமானார் என்று கேள்விப்பட்டு, சம்பளத்தோடு விடுப்பும் கொடுத்து வெள்ளைப் பூங்கொத்தும் அனுப்பினார். பின்வரிசைக்காரர் ஒருவர் இதையெல்லாம் சேனாபதிக்குப் போனில் சொன்னார்.

மறுநாள் சேனாபதியும் போனார், போகாவிட்டால் சொல்லிக்காட்டுவார்கள். கிட்டுசாமி ஜமுக்காளத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுதான் சேனாபதியை வாட்டியது. முன்பின் பார்க்காத ஒரு வெள்ளைக்காரருக்காக இவனால் எப்படி அழ முடிகிறது, நமக்கு ஏன் அப்படி ஒருத்தர் இல்லை என்று நினைத்துக்கொண்டே, யாரோ நீட்டிய புளியோதரையை வாங்கித் தின்றார். புளியோதரை நன்றாக இருந்தது, அதற்கும் பொறாமைப்பட்டார்.

வெளியே வந்தபோது வாசலில் டாக்டர் ஞானேஸ்வரன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சேனாபதி மெல்ல ஆரம்பித்தார்.

"டாக்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கறனுங்க. எங்க டிப்பிள் வீட்ல யாராச்சும் போயிட்டா எனக்கும் இப்படித்தானே, எல்லாரும் வருவாங்கதானே?"

டாக்டர் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். "டிப்பிள் வம்சம் எப்பவோ அற்றுப்போச்சு தம்பி. உங்களுக்குச் சாகிறதுக்கு ஆளில்லை."

அந்தச் சனிக்கிழமை அவசரக் கூட்டம் போட்டார்கள். கருமாதியை எப்போது வைப்பது என்பது முதல் பிரச்சினை. கணக்குப்படி வரும் நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் மீட்டிங் இருக்கிறது. அமெரிக்காவில் பொங்கலும் தீபாவளியும் சனிக்கிழமைக்குத் தள்ளிப் போகும்போது கருமாதிக்கு மட்டும் என்ன வந்தது என்று தலைவர் கேட்டார். அடுத்த சனிக்கிழமையைப் பார்த்தார்கள். அது வருடாந்திரக் கூட்ட நாள். ஹால் ஏற்கெனவே புக் பண்ணியாயிற்று, சாப்பாடும் சொல்லியாயிற்று. இரண்டையும் ஒன்றாக வைத்துவிடலாம், காலையில் கருமாதி, தீட்டுக் கழிந்ததும் பரிவட்டம் என்று தீர்மானம் நிறைவேறியது. சேனாபதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரே நாள்ல எப்படிங்க முடியும்? சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குதல்லங்க?"

"சாஸ்திரம் ஃபிளெக்ஸிபிள் சார். ஹால் கான்ட்ராக்ட் ஃபிளெக்ஸிபிள் கிடையாது" என்றார் தலைவர்.

முன்வரிசைக்காரர் ஒருவர் அடுத்த பிரச்சினையை எடுத்தார். அவர் ஈரோட்டுப் பக்கம். "எங்க பக்கம் கருமாதி அன்னிக்கு, காரியம் பண்ணுனவருக்குச் சம்பந்தி வீட்டார் கோடித் துணி எடுத்துட்டு வந்து தலையில உருமால் கட்டோணுமுங்க. அது கட்டாத தீட்டுப் போகாது. மார்ல்ஸ்டன் வீட்டுக்குச் சம்பந்தி யாரு?"

கட்ட ஆளில்லை என்றால் தீட்டுப் போகாது, தீட்டுப் போகாவிட்டால் பரிவட்டம் இல்லை. சேனாபதி மறுபடி உட்கார்ந்தார். அவர் குலதெய்வத்தை வேண்டிக்கொண்ட அந்த நேரத்தில், டாக்டர் ஞானேஸ்வரன் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார்.

"பொறுங்கோ. மார்ல்ஸ்டன் வீட்டுப் பெட்டை ஒண்டை ஒரு சாதாரண வீட்டுக்குக் கட்டிக் குடுத்ததெண்டு நான் எங்கேயோ வாசிச்சனான்" என்றார். எழுந்தார். சோபாக்களைத் தாண்டி, குஷன் நாற்காலிகளைத் தாண்டி, செருப்புகளுக்கு நடுவில் கால் வைக்க இடம் பார்த்து நடந்து வந்தார். அதுவரை கூட்டத்துக்கு நடுவில் முன்வரிசைக்காரர் யாரும் எழுந்து அங்கே வந்ததில்லை.

"தம்பி, உங்கட கெண்டியைத் தாங்கோ."

லென்ஸை எடுத்துக் கேடயத்தின் மேல் பிடித்தார். இந்த முறை முள்ளெலிப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம், தேய்ந்துபோன பாதியின் மேல் குனிந்தார்.

"குடை இல்லை, நங்கூரம். மூண்டு நங்கூரம்."

ஹால் எழுந்து நின்றது. சேனாபதி கெண்டியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"அந்தப் பாதியைப் பாக்கறதில்லைன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க?"

"மரியாதைக்குப் பார்க்கிறேல்லை தம்பி. செய்முறைக்குப் பார்க்கத்தான் வேணும்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், சேனாபதிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. டிப்பிள் வீட்டுக்கு ஒரு பிரபு மகள் வாழ வந்திருக்கிறாள். "அப்படீன்னா நானும் பிரபு வீட்டுச் சொந்தந்தானுங்களே. முன்னாடி வந்து உக்காரலாமுங்களா?"

தலைவர் கனிவாகச் சிரித்தார். "பொண்ணு எடுத்ததால யாரும் பிரபு ஆயிட முடியாது மிஸ்டர் சேனாபதி. உங்க ரேங்க் அப்படியேதான் இருக்கும். செலவு மட்டும்தான் உங்க பக்கம். இட்ஸ் ஆன் ஹானர்."

கட்ட மாட்டேன் என்றால் உறுப்பினர் பதவி போய்விடும். பதவி போனால் கிட்டுசாமி தலையில் யாரோ கட்டுவதைப் பார்க்கக்கூட முடியாது. பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிடக் கொடுமை என்று சேனாபதிக்குத் தோன்றியது. ஒத்துக்கொண்டார். ஓக் ட்ரீ ரோட்டிலேயே கோடி வேட்டியும் உருமால் துணியும் வாங்கினார். மலிவான துணியைத்தான் கையில் எடுத்தார். சம்பந்தி வீட்டுச் சீர் மட்டம் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்று கடைசி நிமிஷத்தில் சரிகை போட்டதாக மாற்றிக்கொண்டார். டிப்பிள் வீட்டு மானம் அவரையும் அறியாமல் அவருக்குள் வந்திருந்தது.

சனிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. ஃபிரிஸ்கோவிலிருந்துகூட, மூக்குத் தகராறை மறந்து, இரண்டு பேர் வந்திருந்தார்கள். மார்ல்ஸ்டன் கெண்டி மாலை போட்டு நடுவில் இருந்தது. கிட்டுசாமி தாடியை மழித்துக் குளித்துப் புது வேட்டியில் மணையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"ஃபிரெண்ட்ஸ், இன்னிக்கு ஹிஸ்டாரிக் டே. இந்த வருஷம் பரிவட்டத்தை நான் கட்டப்போறதில்ல. ரெண்டு துணி எதுக்கு, டைமும் கம்மியா இருக்கு. சம்பந்தி கட்டற உருமாலையே பரிவட்டமா டிக்ளேர் பண்றோம். எளியவர் கையால மரியாதை. இதைத்தான் நான் ஈக்குவாலிட்டின்னு சொல்றேன்."

ஹால் எழுந்து நின்று கைதட்டியது. சேனாபதி வெள்ளைக் கையுறையோடு கிட்டுசாமிக்குப் பின்னால் போய் நின்றார். மொட்டைத் தலை அவர் கைக்குக் கீழே பளபளத்தது. இத்தனை வருஷமாக வெறுமையாகப் பார்க்க ஆசைப்பட்ட தலை. துணியைப் பிரித்தார். முதல் சுற்றைச் சுற்றினார்.

கல்லூரியில் அவரை டேய் என்று கூப்பிட்ட கிட்டுசாமி, தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல் சொன்னார்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க மாப்ளை. போன வருசம் தலைவர் கட்டுனது போட்டோவுக்குள்ள அவுந்து போச்சு."

சேனாபதி இறுக்கினார். கிரீன் கார்டை நினைத்து ஒரு சுற்று, குளத்தை நினைத்து ஒரு சுற்று, வாத்துகளை நினைத்து முடிச்சு. இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு முடிச்சை இழுத்தார். கிட்டுசாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துக்கம் தாளவில்லை பாவம் என்று முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

மாலையில் வாட்ஸப் குழுவில் படம் வந்தது. உருமால் ஓர் இழை நகராமல் கிரீடம்போல நின்றது. ஈரக் கண்ணும் அடக்கமான முகமுமாகக் கிட்டுசாமி பிரபுவாகவே இருந்தார். அவருடைய தலைக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக் கையுறைகள் மட்டும் தெரிந்தன. கைக்குச் சொந்தக்காரரைப் படத்தில் வெட்டியிருந்தார்கள்.

சேனாபதி சோபாவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"முடிச்சு நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்றார்.